கம்பனிக்கு வந்த துக்கம்

எங்கள் வீட்டுக்கு வந்த கடிதங்கள் எல்லாம் வருந்திக்கொண்டுதான் வந்தன. ‘வீ ரிக்றெற்’ என்று தொடங்கும். அதற்குப் பிறகு என்ன எழுதியிருந்தாலும் ஒன்றுதான். என் மனுசன் நித்தியானந்தன் எந்தக் கடிதத்தையும் முழுதாக விரிக்கமாட்டார். மேல் மடிப்பை மட்டும் நீக்கி அந்தச் சொல் இருக்கிறதா என்று பார்ப்பார். இருக்கும். பழையபடி மடித்து உறைக்குள் வைத்துவிட்டு, “தேத்தண்ணி இருக்கே?” என்று கேட்பார்.

அது 1975ஆம் ஆண்டின் கடைசிப் பகுதி. பிரதமருக்கே வேலை போன வருஷம், எங்களுக்கு யார் தரப்போகிறார்கள் என்று அவுஸ்திரேலியாவில், கிளேட்டனில் இருந்த தமிழர்கள் பகிடி விடுவார்கள். தமிழர்கள் என்றால் பெரிய கூட்டமில்லை. எல்லாரையும் கூப்பிட்டாலும் எங்கள் ஃபிளாற்றின் முன்னறைக்குள் அடக்கிவிடலாம். இருக்கக் கதிரைதான் காணாது.

இவர் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த சிவில் என்ஜினியர். ஊரில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் குளக்கட்டு, மதகு, வாய்க்கால் என்று வேலை பார்த்தவர். என்ஜினியர் என்றபடியால்தான் அவுஸ்திரேலியா விசா தந்தது. வந்து இறங்கிய பிறகு, உள்ளூர் அனுபவம் இல்லாத என்ஜினியரை வைத்து நாங்கள் என்ன செய்வது என்று அதே நாடு கேட்டது. உள்ளூரில் வேலை தந்தால்தானே உள்ளூர் அனுபவம் வரும் என்று நான் குசினிக்குள் நின்று கத்தினேன். குசினிக்குள் கத்தினால் யாருக்குக் கேட்கும்? ஆக, இவர் டன்டினோங் பக்கம் கார் உதிரிப்பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், இரும்பில் துளை போடும் மெஷினுக்கு முன்னால் நின்றார்.

அந்த வேலையை நான் குறைவாக நினைக்கவில்லை. எங்களுக்குச் சோறு போட்ட வேலை அது. என் நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது வேறு. ஒரு பிறந்தநாள் வீட்டில் புதிதாக வந்த ஒருவர் இவரிடம், என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். “ஃபக்டறி” என்றார் இவர். ஊரில் என்ன செய்தீர்கள் என்று அவர் விடாமல் கேட்டார். “அதெல்லாம் பழைய கதை” என்று சொல்லிவிட்டு இவர் வடையை எடுத்துக் கடித்தார். குளம் என்று வாய் திறந்தால் நிறுத்தாத மனுசன் இவர். கலியாணமான புதிதில் என்னை சினிமாவுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லி ஒரு குளக்கட்டுக்குக் கூட்டிப்போனவர். அந்த மனுசன் வடைக்குப் பின்னால் ஒளிந்ததைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

வீட்டுக்கு வந்ததும் தன் வரைபடச் சுருளை அலுமாரிக்கு மேலே, சூட்கேசுக்குப் பின்னால் போட்டார். சாம்பியாவில் இருந்த என் அண்ணா, இங்கே வந்துவிடு என்று எழுதிக்கொண்டிருந்தார். இன்னும் ஒரேயொரு விண்ணப்பம் போடுவேன், அதோடு சரி, பிறகு சாம்பியாதான் என்று இவர் சொன்னார். சாம்பியாவுக்குப் போவதில் எனக்குப் பயமில்லை. ‘நான் ஒன்றுமில்லை’ என்று நினைத்துக்கொண்டு போகிற மனுசனோடு எந்த நாட்டுக்குப் போனால்தான் என்ன என்பதுதான் பயம்.

கீழ் ஃபிளாற்றில் மனோரமா இருந்தாள். மலேசியாவில் ஈப்போவிலிருந்து வந்து பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. ஆங்கிலம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நான் அவளிடம் ஒருநாள், இந்த ரிக்றெற் என்ற சொல்லை வெள்ளைக்காரர் உண்மையில் எப்படித்தான் பாவிக்கிறார்கள் என்று கேட்டேன். அகராதிப் பொருள் எனக்குத் தெரியும். வருந்துதல். ஆனால் அகராதி பார்த்து ஒரு ஊரில் சீவிக்க முடியாது.

“அக்கா, அத யாரும் வாயால சொல்ல மாட்டாங்க” என்றாள் அவள். “கால மிதிச்சிட்டா சாரி சொல்வாங்க. ரிக்றெற் எல்லாம் ஆபீஸ் சொல்றது.”

அவள் சொன்ன பிறகுதான் எனக்கும் காது திறந்தது. ரயில் பிந்தினால் ஸ்ரேஷன் ஒலிபெருக்கி வருந்தும். நூலகம் நேரத்துக்கு முதல் பூட்டினால் கதவில் ஒட்டிய தாள் வருந்தும். கலியாணத்துக்கு வரமுடியாத பெரிய மனிதர்கள் அட்டையில் வருந்துவார்கள். யாழ்ப்பாணத்தில் எங்கள் கொன்வென்ற் ரீச்சர் பிரம்பைக் காட்டி, நீ ஒருநாள் ரிக்றெற் பண்ணுவாய் என்று சொன்னதும் ஞாபகம் வந்தது. நாங்கள் இருவரும் தேத்தண்ணி குடித்துக் குடித்து ஒரு முடிவுக்கு வந்தோம். ‘நீ’ என்பதோடு சேர்ந்தால் அந்தச் சொல் மிரட்டல். ‘நான்’ என்பதோடு சேர்ந்தால் பாவமன்னிப்பு. ‘நாங்கள்’ என்று சேர்த்துவிட்டால் ஒன்றுமேயில்லை, ஏனென்றால் வருந்துவதற்கு அங்கே ஆள் இல்லை.

உண்மையைச் சொன்னால் இந்த வித்தை எனக்குப் புதிதில்லை. கலியாணத்துக்கு முன் என் சாதகம் பல வீடுகளுக்குப் போய்வந்தது. எந்த வீட்டிலும், பெண் வேண்டாம் என்று சொன்னதில்லை. பொருத்தம் காணாதாம், செவ்வாய் குறுக்கே நிற்கிறதாம் என்பார்கள். சீதனம் காணாது என்பது செவ்வாய்க்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். பாவம் செவ்வாய், எத்தனை வீட்டுப் பழியைச் சுமந்தது! இந்த ஊர்ச் செவ்வாய்தான் ரிக்றெற் என்று விளங்கிக்கொண்டேன். ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. அங்கே சாதகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு ஆள் வருவார். முற்றத்தில் செருப்பைக் கழற்றுவார், அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொல்வார், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். இல்லை என்பதையும் ஒரு மனிதர் வந்து சொன்னார். இங்கே தபால்பெட்டி சொன்னது.

கடைசி விண்ணப்பம் நகரத்தில் இருந்த ஒரு வடிகால் பொறியியல் கம்பனிக்கு. தண்ணீர் வேலை என்றபடியால் இவருக்கு உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை, வெளியே காட்டவில்லை. விண்ணப்பத்தோடு தான் வடிவமைத்த மதகு ஒன்றின் வரைபடப் பிரதியையும் மடித்து வைத்தார். உறையில் அடங்காமல் கட்டு பிதுங்கியது. நான் தையல்பெட்டியிலிருந்து சிவப்பு நூல் எடுத்து, குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன்.

அந்த வாரம் முடியமுதல் பதில் வந்துவிட்டது. கட்டும் திரும்பி வந்தது. இவர் மேல் மடிப்பைப் பார்த்தார், மடித்து வைத்தார், குளிக்கப் போனார். நான் கட்டை எடுத்துப் பார்த்தேன். என் முடிச்சு நான் போட்டபடியே இருந்தது. ஒருவரும் அவிழ்க்கவில்லை. அவிழ்க்காமலே வருந்தியிருக்கிறார்கள்.

எனக்குக் கோபம் வந்தால் தலை சுடாது, குளிரும். அப்படிக் குளிர்ந்த தலையோடு யோசித்தேன். ஒருவர் எங்களுக்காகத் துக்கப்படுகிறேன் என்று கையெழுத்து வைத்து அறிவித்திருக்கிறார். துக்கம் என்று கேள்விப்பட்டால் நேரில் போகவேண்டும். போகாவிட்டால் அதுதான் எங்கள் ஊரில் குறை. செவ்வாய், வெள்ளியில் துக்கம் விசாரிக்கப் போகக்கூடாது என்பதால் புதன்கிழமை போனேன். பட்டு உடுக்கக்கூடாது என்பதால், செத்தவீட்டுக்கு உடுக்கிற மெல்லிய கரைபோட்ட வெள்ளைச் சேலையை உடுத்தேன். இவர் வேலைக்குப் போன பிறகு, சொல்லாமல் ரயில் ஏறினேன்.

வரவேற்பில் இருந்த பெட்டை என் வெள்ளைச் சேலையைப் பார்த்து, ஏதோ மடத்திலிருந்து நன்கொடைக்கு வந்தவள் என்று நினைத்தாள் போலிருக்கிறது. கடிதத்தில் இருந்த பெயரைச் சொன்னேன். மிஸ்டர் பிரிச்சட். என்ன விஷயம் என்று கேட்டாள். அவர் வருத்தத்தில் இருக்கிறார், பார்க்க வந்தேன் என்றேன். அவள் பயந்துபோய் என்னை நேரே உள்ளே விட்டாள்.

பிரிச்சட் ஐம்பது வயது மதிக்கத்தக்க மெலிந்த மனிதர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். செத்தவீட்டில் யாரும் வாங்கோ, இருங்கோ என்று சொல்லமாட்டார்கள், நாமாகப் போய் இருக்கவேண்டும். நானும் நானாகவே கதிரையில் இருந்தேன். கொன்வென்ற் ஆங்கிலத்தில், ரயிலில் மனப்பாடம் செய்தபடியே சொன்னேன்.

“என் கணவர் விஷயத்தில் நீங்கள் வருந்துவதாக எழுதியிருந்தீர்கள். எங்கள் ஊரில் ஒருவர் வருந்துகிறார் என்று தெரிந்தால் நேரில் போய் விசாரிப்போம். அதற்காக வந்தேன்.”

நான் பகிடி விடுகிறேனா என்று அவர் என் முகத்தில் தேடினார். என் முகத்தில் பகிடி இல்லை. அது கம்பனி எழுதுகிற வழக்கமான கடிதம், கம்பனிதான் வருந்துகிறது என்று விளக்கினார். கம்பனியில் யார் என்று கேட்டேன். அவர் கடிதத்தைப் புரட்டிப் பார்த்தார். கீழே இருந்தது அவருடைய கையெழுத்து.

நான் கட்டை எடுத்து மேசையில் வைத்தேன். “இந்த முடிச்சு நான் போட்டது. வருந்தியவர் இதை அவிழ்த்துப் பார்த்திருந்தால் எங்களுக்கு ஆறுதலாய் இருந்திருக்கும்” என்றேன். அவருடைய கழுத்திலிருந்து காது வரைக்கும் சிவந்தது. துக்க வீட்டிலிருந்து எழும்புவதுபோல், சொல்லாமல் எழும்பி வந்துவிட்டேன்.

லிஃப்ற்றுக்காக நிற்கும்போது அவர் பின்னால் ஓடிவந்தார். ஒரு வார்த்தையும் சொல்லாமல் போகிறீர்கள், என்மேல் அவ்வளவு கோபமா என்று கேட்டார். கோபம்தான், ஆனால் போவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொன்னேன். நாங்கள் சாதாரண வீட்டிலிருந்து புறப்படும்போது, போய்விட்டுத் திரும்ப வருகிறேன் என்று சொல்லித்தான் புறப்படுவோம். துக்க வீட்டில் மட்டும் சொல்லமாட்டோம், ஏனென்றால் அந்த வீட்டுக்குத் திரும்பவும் துக்கத்துக்கு வரக்கூடாது. இதை விளக்கி முடிக்கமுதல் லிஃப்ற் வந்துவிட்டது. கட்டை விட்டுவிட்டுப் போகிறீர்களே என்றார். இருக்கட்டும் என்றேன்.

திரும்பிப் போகிற ரயிலில் ஏறினேன். யன்னல் பக்கம் திரும்பி இருந்து அழுதேன். நான் செய்தது துணிச்சலா விசரா என்று எனக்கே தெரியவில்லை.

பின்னேரம் இவரிடம் சொன்னேன். மறைக்க என்னால் முடியாது. இவருடைய முகம் கறுத்துப்போனது.

“பிச்சை கேக்கப் போனீரோ, ராஜேஸ்?”

“நான் வேலை கேக்கேல்லை. ஒரு வார்த்தை கேக்கேல்லை. துக்கம் விசாரிக்கப் போனனான்.”

“அந்த மனுசன் என்னைப் பற்றி என்ன நினைச்சிருக்கும்?”

“உங்களைப் பற்றி அந்தாள் முந்தி ஒண்டுமே நினைக்கேல்லை. அதுதான் எனக்குக் கோவம்.”

அதோடு எங்களுக்குள் பேச்சு நின்றது. வேலைக்குப் போனார், வந்தார். தேத்தண்ணி இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை, தானே போட்டுக் குடித்தார். அண்ணாவுக்குச் சாம்பியாவுக்கு ஒரு கடிதம் எழுதி, ஒட்டி, முத்திரை வாங்கவேண்டும் என்று மேசையில் வைத்தார். நான் அந்தக் கடிதத்தைச் சுற்றித் தூசு தட்டினேன், தொடவில்லை. என் வாயால் வந்த வினை, என் கையால் கெடுத்தேன் என்று மனம் அடித்துக்கொண்டது.

சனிக்கிழமை மத்தியானம் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் பிரிச்சட் நிற்கிறார். விண்ணப்பத்தில் இருந்த விலாசத்தைப் பார்த்து வந்திருக்கிறார். கையில் அந்தக் கட்டு. திருப்பிக் கொண்டுவந்த சாதகத்தை எத்தனை தரம் பார்த்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா? இவர் வீட்டில் கட்டும் சாரத்தோடு இருந்தார், பாய்ந்து அறைக்குள் போய்க் கால்சட்டையோடு வந்தார். நான் குசினிக்குள் போய்த் தேத்தண்ணி வைத்தேன். எங்கள் அப்பா செய்ததுபோல், என்ன செய்தி கொண்டுவந்தாலும் வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுக்கவேண்டும்.

பிரிச்சட் என்னோடு பேசவில்லை, இவரைப் பார்த்துத்தான் பேசினார். அந்த வேலைக்கு ஆள் எடுத்தாயிற்று, அது இனி மாறாது என்று முதலிலேயே சொன்னார். இவர் தலையாட்டினார். அவர் கோப்பையை மேசையில் வைத்தார்.

“அந்தக் கடிதத்தில் ‘வீ ரிக்றெற்’ என்று இருந்தது. உண்மையில் ஒருவரும் வருந்தவில்லை. உங்கள் மனைவி போன பிறகு முடிச்சை அவிழ்த்தேன். வாசிக்காமல் கையெழுத்து வைத்ததற்கு, ஐ ரிக்றெற் இற்.”

வாயால் சொன்னார். ‘நான்’ என்று சொன்னார். அந்தச் சொல்லுக்கு உயிர் இருப்பதை அன்றுதான் நான் கண்டேன்.

இப்படியான நேரத்தில் இவர், பரவாயில்லை, பரவாயில்லை என்று மற்றவரின் வெட்கத்தையும் தானே துடைத்துவிடுவார். அன்று துடைக்கவில்லை. “தாங்க் யூ” என்று மட்டும் சொன்னார். பிறகு பிரிச்சட் கட்டைப் பிரித்தார். இப்போது அதில் இருந்தது அவர் போட்ட முடிச்சு, கன்றுக்குட்டியைக் கட்டினமாதிரி. வரைபடத்தை விரித்து, மதகின் கிணற்றைக் குளக்கட்டின் உட்பக்கத்தில் ஏன் வைத்தீர்கள் என்று கேட்டார். பாய்ந்து வருகிற தண்ணீரின் வேகத்தை அந்தக் கிணறு வாங்கிக்கொள்ளும், வாய்க்கால் தப்பும் என்று இவர் இருந்தபடி சொல்லத் தொடங்கினார். பிறகு எழுந்து நின்று சொன்னார். கரண்டியைக் குளக்கட்டாக வைத்தார், சீனிப்போத்தலை மதகாக வைத்தார். பிறகு, பொறுங்கள் என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனார். அலுமாரிக்கு மேலே சூட்கேஸ் இழுபடும் சத்தம் கேட்டது. நான் குசினிக்குள் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தேன்.

வரைபடப் பகுதியில் ஒரு தற்காலிக இடம் இருக்கிறது, பதவி சின்னது என்று பிரிச்சட் சொன்னார். தன் கையின் கீழ் வேலை செய்தால், உள்ளூர் அனுபவத்துக்குத் தானே பெயர் போட்டுக் கையெழுத்து வைப்பதாகச் சொன்னார். இந்தமுறை வாசித்துவிட்டு வைப்பேன் என்றும் சேர்த்தார். இவர் என்னைத் திரும்பிப் பார்க்காமலே, வருகிறேன் என்றார்.

பிரிச்சட் எழும்பினார். தலையைக் குனிந்து வணங்குவதுபோல் ஒரு அசைவு, அவ்வளவுதான். ஒரு வார்த்தை இல்லாமல் கதவைத் திறந்து படியிறங்கிப் போனார்.

“என்ன மனுசன், சொல்லாமல் கொள்ளாமல் போறார்?” என்றார் இவர்.

எனக்கு விளங்கிவிட்டது, லிஃப்ற் வாசலில் நான் சொன்னதை மனுசன் பாதியில் பிடித்துக்கொண்டிருக்கிறார். வெறுங்காலோடு ஓடிப்போய்ப் படியின் மேலே நின்று கூப்பிட்டேன். இது துக்க வீடில்லை மிஸ்டர் பிரிச்சட், இங்கே சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும் என்றேன். அவர் கைபிடியைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்தார். எப்படிச் சொல்லவேண்டும் என்று கேட்டார்.

“போட்டு வாறன்” என்று சொல்லிக்கொடுத்தேன்.

அவர் அதைச் சொன்ன விதத்தைக் கேட்டு, கீழ் ஃபிளாற்றில் மனோரமா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். ஆனால் சொன்னார். போய்விட்டுத் திரும்ப வருவதாகத்தான் சொன்னார்.

அடுத்த கிழமை கம்பனிக் கடிதம் வந்தது. இவர் பழக்கதோஷத்தில் மேல் மடிப்பை மட்டும் நீக்கினார், பிறகு முழுதாக விரித்தார். ‘வீ ஆர் ப்ளீஸ்ட்’ என்று தொடங்கி, கீழே கையெழுத்து வரைக்கும் எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினார். சாம்பியாக் கடிதம் முத்திரை இல்லாமல் மேசையிலேயே கிடந்தது.

“நாங்கள் சந்தோசப்படுறம் எண்டு எழுதியிருக்கினம்” என்றேன். “அது ஆர் எண்டு ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வரட்டே?”

இவர் சிரித்தார். எவ்வளவு காலத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. “நீர் ஒரு இடமும் போகவேண்டாம். திங்கக்கிழமை நான் போறன்தானே, பாத்துக்கொண்டு வந்து சொல்லுறன்.”

திங்கட்கிழமை பின்னேரம் ரயில் சத்தம் கேட்டதிலிருந்து நான் வாசலில் நின்றேன். இவர் படியேறி வந்தார், கைவிரலில் மை ஒட்டியிருந்தது.

“பாத்தனீங்களே?” என்று கேட்டேன்.

“ஓம், பாத்தனான்” என்று சொல்லிக்கொண்டே சப்பாத்தைக் கழற்றினார். “ஓராள் உண்மையாய்த்தான் சந்தோசப்படுது. தேத்தண்ணி இருக்கே?”